வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டர், பின்னால் இருப்பதோ இரண்டு போர்ட்தான். என்ன செய்யலாம்?

#1 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதம் 14ஆம் தேதி 2பி (கொள்முதல் பில்களின் பட்டியல்) வந்துவிட்டால் 20க்குள் 3பி (மாத ரிட்டர்ன்) போட்டாக வேண்டும். அந்த ஒரு வாரம் டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி போர்ட்டல், எக்செல், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில் என்று நாலுக்கும் நடுவே ஆல்ட்-டேப் அடித்தே பொழுது போய்விடுகிறது. ஒரு இன்வாய்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த விண்டோவுக்குப் போவதற்குள் கடைசி இரண்டு இலக்கம் மறந்துபோகிறது.

இருப்பது: ஐ5-10400 ப்ராசசர், 16 ஜிபி ராம், எச்410 மதர்போர்டு, விண்டோஸ் 11. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பின்னால் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ. இப்போது ஓடுவது 21.5 இன்ச் மானிட்டர். பரணில் ஒரு பழைய 19 இன்ச் சதுர மானிட்டர் கிடக்கிறது, விஜிஏ மட்டும்தான், ஆனால் வேலை செய்கிறது. புதிதாக ஒரு 24 இன்ச் வாங்கி மூன்றையும் சேர்த்து ஓட்ட ஆசை.

கடையில் கேட்டேன். "எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் போடுங்க சார், ஒண்ணை மூணா பிரிச்சுடலாம்" என்கிறார்கள். இது சரியா? மானிட்டரோடு சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். மேசை நான்கு அடி.

#2 · சாலிடர் · சென்னை

ஸ்ப்ளிட்டரை வாங்காதீர்கள். அது கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி, எத்தனை குழாய் கட்டினாலும் எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான். மூன்று மானிட்டரிலும் ஒரே திரைதான் வரும். கடையில் டிவி வரிசையாக மாட்டி ஒரே படம் ஓட்டுவதற்கு அது நல்ல சாமான், உங்கள் வேலைக்கு ஆகாது.

எத்தனை மானிட்டர் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம். கிராஃபிக்ஸ் சிப் ஒரே நேரத்தில் எத்தனை தனித்தனிப் படங்களை உருவாக்கி அனுப்ப முடியும் என்பது ஒன்று. அந்தப் படம் வெளியே வர எத்தனை வழி இருக்கிறது என்பது இன்னொன்று. உங்கள் 10400-க்குள் இருப்பது யுஎச்டி 630 என்ற கிராஃபிக்ஸ். அது மூன்று திரைகளைத் தாங்கும். போர்டில் வழி இரண்டுதான். ஆக, இன்றைக்கே ஒரு ரூபாய் செலவில்லாமல் இரண்டு மானிட்டர் ஓட்டலாம்: 21.5 எச்டிஎம்ஐ-யில், பரணில் கிடப்பது விஜிஏ-வில். முதலில் அதைச் செய்து ஒரு ஃபைலிங் வாரம் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது நிஜமாகவே வேண்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

போகட்டும், போர்டின் பெயரை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். சில எச்410 போர்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது டிவிஐ சேர்ந்தே வரும். கேபினெட்டின் பின்தகடு சரியாகப் பொருந்தாமல் போர்ட் மறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

#3 · அரைத்தூக்கம் · பெங்களூர்

இரண்டு மூன்று என்று எதற்கு? ஒரே 34 இன்ச் அல்ட்ராவைடு வாங்கிப் போடுங்கள். 3440 × 1440. நடுவில் பிரேம் கிடையாது, ஒரே கேபிள், மேசை சுத்தமாக இருக்கும். உயரம் 27 இன்ச் மானிட்டர் அளவுக்கு வரும். நான் மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்தவன், திரும்பிப் பார்க்கவில்லை.

#4 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

சாலிடர் அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். வேறு போர்ட் இல்லை, அந்த இரண்டுதான்.

அரைத்தூக்கம், அல்ட்ராவைடு விலையைப் பார்த்தேன், என் பட்ஜெட் அதன் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

#5 · கயல்_டெவ் · கோயம்புத்தூர்

விலை ஒருபுறம் இருக்கட்டும், கணக்கு வேலைக்கு அல்ட்ராவைடு ஒத்து வராது என்பது என் கருத்து. தனித்தனி மானிட்டராக இருந்தால் மேக்ஸிமைஸ் பட்டனை அழுத்தினால் போதும், ஒரு மென்பொருள் ஒரு திரையை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஒரே அகலத் திரையில் ஒவ்வொரு விண்டோவையும் இழுத்து அளவு சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பில் ஃபேன்சிஸோன்ஸ் போட்டுத் திரையை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்தான். ஆனால் மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது யார் கட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அதோடு மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தால் எதிரில் லேப்டாப் வைத்திருப்பவருக்கு நம் எழுத்து எறும்பு வரிசையாகத் தெரியும்.

வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு நீளமான டைம்லைன் வேண்டும், அவர்களுக்கு அது அருமை. இவருக்கு வேண்டியது மூன்று வெவ்வேறு தாள்.

#6 · அரைத்தூக்கம் · பெங்களூர்

> இவருக்கு வேண்டியது மூன்று வெவ்வேறு தாள்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது மானிட்டர் கடைசியில் வாட்ஸ்அப் வெப்புக்குத்தான் போகும், பாருங்கள்.

#7 · சாலிடர் · சென்னை

மூன்றாவதுக்கு வருவோம். வழி இரண்டு.

முதல் வழி, ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. கேம் ஆடப் போவதில்லை என்பதால் படம் காட்டினால் போதும். ஜிடி 1030 போன்ற கார்டு 30 வாட்தான் குடிக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் முடிந்தது. அதில் இரண்டு திரை ஓடும். கேம் ஆடுகிறவர்கள் திட்டித் தீர்க்கும் மெதுவான டிடிஆர்4 நினைவக வகைகூட உங்களுக்கு யதேஷ்டம். ஜிடி 710-ஐ இன்னும் கடைகளில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது கெப்ளர் என்ற பழைய தலைமுறைச் சிப். அதற்குப் புது டிரைவர் வருவது 2021-லேயே நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. பரணில் ஏற்கெனவே இருந்தால் மாட்டுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. 1030-ல் டிவிஐ போர்ட் இருந்தால் அது டிவிஐ-டி, அனலாக் சிக்னல் அதில் கிடையாது. டிவிஐ-யை விஜிஏ ஆக்கும் அந்தப் பழைய சின்ன வெள்ளைத் தலையை மாட்டினால் ஒன்றும் வராது. சதுர மானிட்டரை போர்டின் விஜிஏ-விலேயே விட்டுவிடுங்கள்.

கார்டைச் செருகினால் பெரும்பாலான போர்டுகளில் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும். போர்டில் மாட்டிய மானிட்டர்கள் எல்லாம் கருப்பாகிவிடும். "கார்டு போட்டதும் போர்டு போர்ட் செத்துப்போச்சு" என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நிறைய. ஒன்றும் சாகவில்லை. பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) போய் உள் கிராஃபிக்ஸை நிரந்தரமாக ஆன் செய்ய வேண்டும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். ஆசுஸில் 'ஐஜிபியூ மல்டி-மானிட்டர்', எம்எஸ்ஐ-யில் 'ஐஜிடி மல்டி-மானிட்டர்', கிகாபைட்டில் 'இன்டர்னல் கிராஃபிக்ஸ்'. 'ஆட்டோ'வில் விடாமல் 'எனேபிள்டு' என்று வையுங்கள். இதைச் செய்யும்போது மானிட்டர் கார்டில் மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பயாஸ் திரையே தெரியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், அதாவது 10400எஃப், 12400எஃப் மாதிரி, உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ வெறும் அலங்காரம். ரைஸனில் 5600-க்கும் இதே கதைதான், 5600ஜி-யில் உண்டு.

இரண்டாவது வழி யுஎஸ்பி அடாப்டர். அதைப் பாவித்தவர்கள் யாராவது சொல்லட்டும், எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை.

#8 · நல்லூரான் · யாழ்ப்பாணம்

ஓம், நான் பாவிக்கிறேன். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள யுஎஸ்பி 3.0 அடாப்டர். சாலிடர் அண்ணை மரியாதை இல்லை எண்டு சொல்வதற்கு நியாயம் இருக்கிறது, ஆனால் மடிக்கணினி வைத்திருக்கும் ஆளுக்கு வேறு வழி இல்லாத நேரம் அதுதான் கை கொடுக்கும்.

அது வேலை செய்யும் விதம் வேறு. படத்தை சிபியூ சுருக்கி யுஎஸ்பி வழியாக அனுப்ப, அடாப்டரில் உள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். அதனால் டிரைவர் கட்டாயம். எக்செல், பிடிஎஃப், மின்னஞ்சல் எல்லாம் வடிவாக ஓடும். முழுத்திரையில் வீடியோ போட்டால் சிபியூ ஏறும், மவுஸ் கொஞ்சம் இழுபடுவது போல் இருக்கும்.

லினக்ஸ் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிரைவரோடு ஈவிடிஐ எண்டு ஒரு கெர்னல் மொட்யூல் (லினக்ஸின் மையப் பகுதியோடு சேரும் துண்டு) வரும். செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால் அதற்கான சாவியைப் பதிந்தால்தான் ஏறும். கெர்னல் புதுப்பித்த மறுநாள் காலை மூன்றாவது திரை கறுப்பாக இருந்தால் அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம், மொட்யூல் மறுபடி கட்டப்பட்டதா எண்டு பாருங்கள்.

விலை மிகக் குறைந்த அடாப்டர்களில் சிப் வேறாக இருக்கும். வாங்க முதல் சிப் எது, விண்டோஸ் 11-க்கு டிரைவர் இருக்கிறதா எண்டு பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

#9 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

நன்றி அண்ணா, நன்றி நல்லூரான். டெஸ்க்டாப்தானே, கார்டு பக்கமே சாய்கிறேன். டிரைவர் தலைவலி 20ஆம் தேதி வந்து தொலைத்தால் தாங்காது.

#10 · ஓய்வூதியம் · திருச்சி

தம்பி, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் 32 இன்ச் டிவி சும்மா இருக்கிறது. புது மானிட்டருக்குப் பதில் அதையே மாட்டினால் என்ன? பெரிதாகவும் இருக்குமே. என் பேரன் கூடாது என்கிறான், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

#11 · சாலிடர் · சென்னை

ஐயா, மாட்டலாம், ஓடும். ஆனால் 32 இன்ச் டிவிகளில் நிறைய 1366 × 768 புள்ளிதான். ஒரு அங்குலத்துக்கு 49 புள்ளி வருகிறது. 24 இன்ச் மானிட்டரில் 92. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்க்க 49 போதும். இரண்டடியில் உட்கார்ந்து எக்செல் பார்த்தால் எழுத்து பல்லைக் காட்டும், இடமும் மானிட்டரைவிடக் குறைவு. சைஸ் பெரிது, கட்டம் கம்மி.

ஃபுல் எச்டி டிவியாக இருந்தால் பரவாயில்லை. ஓரம் வெட்டிப்போய் டாஸ்க்பார் பாதி மறைந்தால் டிவியின் பிக்சர் சைஸ் மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். சில டிவியில் அந்த எச்டிஎம்ஐ-யின் பெயரை 'பிசி' என்று மாற்றினாலே எழுத்து தெளிந்துவிடும்.

#12 · ஓய்வூதியம் · திருச்சி

ஆஹா, காரணம் புரிந்தது. பேரனிடம் சொல்லிவிட்டேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறான்.

#13 · கயல்_டெவ் · கோயம்புத்தூர்

லேப்டாப்காரர்களுக்கும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன், இந்த இழையைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

டைப்-சி ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வரும் என்று எண்ண வேண்டாம். சிலது சார்ஜும் டேட்டாவும் மட்டும். பக்கத்தில் டி எழுத்துக்குள் பி இருப்பது போன்ற டிஸ்ப்ளேபோர்ட் முத்திரையோ மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். ஒன்றும் இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு ஸ்பெக் பாருங்கள்.

மேக் விஷயம் தனிக் கதை. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் இரண்டும் வெளியே ஒரே ஒரு மானிட்டரைத்தான் தாங்கும். 2024-ல் வந்த எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. 2025-ல் வந்த எம்4 ஏரில்தான் மூடி திறந்திருக்கும்போதே வெளியே இரண்டு. இதில் இன்னொரு வம்பு, இரண்டு எச்டிஎம்ஐ உள்ள டைப்-சி ஹப். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பில் பல திரைகளை அனுப்பும் எம்எஸ்டி முறையில் அது இயங்கும். விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டினால் இரண்டு தனித் திரை வரும். அதே ஹப்பை மேக்கில் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம், ஏனென்றால் மேக் ஓஎஸ் அந்த முறையில் திரையை நீட்டிக்காது. ஹப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம். எம்1 ஏரில் இரண்டாவது வேண்டுமென்றால் நல்லூரான் சொன்ன டிஸ்ப்ளேலிங்க்தான். அது ஓடும்போது ஓடிடி படங்கள் சில கருப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்த மென்பொருள் திரையைப் பதிவுசெய்துதான் அனுப்புகிறது.

4கே மானிட்டர் வாங்கி எல்லாம் திணறுவதாகத் தோன்றினால் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யை 30 ஹெர்ட்ஸில்தான் தரும். 60 வேண்டுமென்றால் 2.0 போர்ட் வேண்டும். 1080பி-க்கு இந்தக் கவலையே இல்லை.

#14 · நெறியாளர்

மேக் வாங்கலாமா கூடாதா என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, போதுமான ரத்தம் அங்கே ஓடியாகிவிட்டது.

#15 · வாசற்படி · மதுரை

மேசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் தச்சு வேலைக்காரன், ஆபீஸ் மேசைகள் செய்து தருகிறேன். அளவு போட்டுப் பார்த்தேன். 24 இன்ச் என்று விற்பது 23.8, அகலம் கிட்டத்தட்ட 53 செ.மீ. 21.5-க்கு 48. 19 சதுரத்துக்கு 38. கூட்டினால் 139, பிரேமைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். நான்கு அடி மேசை 122 செ.மீ. நேர்க்கோட்டில் நிற்காது.

சதுரத்தை ஓரத்தில் உங்களைப் பார்த்து நன்றாகச் சாய்த்து வைக்கலாம். இல்லையென்றால் 21.5-ஐ நிமிர்த்தி நெட்டுக்குத்தலாக வைத்தால் அதன் அகலம் 27 ஆகிவிடும், மொத்தம் 118. நூல் பிடித்த மாதிரி உள்ளே அடங்கும். அதற்கு மானிட்டர் ஆர்ம் வேண்டும். மானிட்டர் முதுகில் நான்கு திருகு ஓட்டை சதுரமாக 75 அல்லது 100 மி.மீ. இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது.

ஆர்மின் கிளாம்ப் மேசை விளிம்பைக் கவ்வும். பார்ட்டிக்கிள் போர்டு மேசையாக இருந்தால் மேலும் கீழும் ஒரு பிளைவுட் துண்டோ இரும்புத் தகடோ வைத்து இறுக்குங்கள். சும்மா இறுக்கினால் சில மாதத்தில் விளிம்பு நசுங்கி உமி மாதிரி உதிரும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் ஆர்மின் முழங்கை பின்னால் மடங்க இடம் வேண்டும், அரை அடி முன்னால் இழுக்க வேண்டி வரும்.

#16 · கயல்_டெவ் · கோயம்புத்தூர்

வாசற்படி அண்ணா சொன்ன கணக்கில் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. 19 இன்ச் சதுரத் திரையின் உயரம் 30 செ.மீ. ஏ4 தாளின் உயரம் 29.7. அதாவது ஒரு பில்லின் ஸ்கேனை முழுத்திரையில் திறந்தால் கையில் பிடித்த தாள் அளவுக்கே தெரியும். அகலத்திரை வந்த பிறகு நாமெல்லாம் தூக்கிப் போட்ட மானிட்டர்தான் பில் படிக்க ஏற்ற வடிவம். 24 இன்ச்சின் உயரமும் ஏறக்குறைய அதே 30 செ.மீ. என்பதால் பக்கத்தில் வைத்தால் தலை ஏறுக்குமாறாகத் தெரியாது.

21.5-ஐ நிமிர்த்துவது என்றால் ஒன்று பாருங்கள். அது டிஎன் பேனலாக (பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறும் வகை) இருந்தால் நிமிர்த்தியதும் இடது கண்ணுக்கு ஒரு நிறமும் வலது கண்ணுக்கு ஒரு நிறமுமாகத் தெரிந்து தலை வலிக்கும். ஐபிஎஸ் என்றால் பிரச்சினை இல்லை.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மானிட்டரை மூக்குக்கு நேராக நடுவில் சேரும்படி வைப்பவர்கள் நாள் முழுக்க ஒரு பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருப்பார்கள். அதிக நேரம் பார்ப்பது எதுவோ அது நேர் முன்னால். மற்றவை பக்கத்தில், உங்களை நோக்கிச் சாய்ந்து. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே.

#17 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

எல்லோருக்கும் ஒரு அப்டேட். புது 24 இன்ச் ஐபிஎஸ் வந்துவிட்டது. கார்டு பழசு, ஜிடி 1030, தெரிந்தவரிடம் வாங்கினேன். 24 கார்டின் எச்டிஎம்ஐ-யில் நேர் முன்னால். 21.5 போர்டின் எச்டிஎம்ஐ-யில் வலப்பக்கம். சதுரம் விஜிஏ-வில் இடப்பக்கம், சாய்த்து வைத்திருக்கிறேன். மேசையின் இரண்டு முனையிலும் மானிட்டர் கால் விளிம்பைத் தொடுகிறது, விழாது. பயாஸில் சாலிடர் அண்ணா சொன்ன இடம் அப்படியே இருந்தது. மாற்றியதும் மூன்றும் எரிந்தன.

ஆனால் சதுரத்தில் எழுத்து பூதம் மாதிரி பெரிதாக, கலங்கலாக இருக்கிறது. செட்டிங்ஸில் அதிகபட்சமே 1024 × 768-தான் காட்டுகிறது. மானிட்டர் பெயர் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று வருகிறது. முன்பு இதே மானிட்டர் 1280 × 1024-ல் ஓடியது நன்றாக நினைவிருக்கிறது.

#18 · சாலிடர் · சென்னை

கேபிள். விஜிஏ கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து முள். மூன்றாவது வரிசையில் 12ஆம் முள்ளும் 15ஆம் முள்ளும்தான் மானிட்டர் தன் பெயரையும் தன் ரெசல்யூஷனையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வழி. அது அறுந்தோ வளைந்தோ இருந்தால், அல்லது விலை குறைந்த கேபிளில் அந்தக் கம்பியே இல்லாமல் இருந்தால், படம் வரும், ஆனால் விண்டோஸுக்கு ஆள் யார் என்று தெரியாது. பயந்துகொண்டு சின்ன ரெசல்யூஷனில் நிறுத்திவிடும். ஒரு முள் (9ஆவது) பல கேபிள்களில் இருக்காது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வேறு கேபிள் போடுங்கள். மாற்றிய பிறகும் கலங்கலாக இருந்தால் மானிட்டரில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினால் சரியாகப் பிடிக்கும்.

#19 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

கேபிள்தான். 12ஆம் முள் உள்ளே மடங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு கேபிளை மாட்டியதும் மானிட்டரின் மாடல் பெயரே வந்துவிட்டது, 1280 × 1024 தானாக உட்கார்ந்தது. கயல் மேடம் சொன்னபடி பில்லைத் திறந்து அசல் தாளைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன், டாஸ்க்பார் தின்ற அளவைத் தவிர கச்சிதம்.

இப்போது இரண்டு சின்ன எரிச்சல். 24-லிருந்து சதுரத்துக்கு மவுஸை நகர்த்தினால் மேல்மூலையில் மட்டும் சுவரில் முட்டியது போல நிற்கிறது. அப்புறம், டேலி சில நேரம் திறக்கவே மாட்டேன் என்கிறது. டாஸ்க்பாரில் இருக்கிறது, எந்தத் திரையிலும் இல்லை.

#20 · நல்லூரான் · யாழ்ப்பாணம்

முதலாவது: 24-ன் உயரம் 1080 புள்ளி, சதுரத்தின் உயரம் 1024. விண்டோஸுக்கு செ.மீ. தெரியாது, புள்ளிதான் தெரியும். அதன் கணக்கில் 56 புள்ளிக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லை, மவுஸ் அங்கே முட்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2, 3 எண்டு பெட்டிகள் இருக்குமே, சதுரத்தின் பெட்டியை இழுத்து மேல்விளிம்பு நேராக வரும்படி வையுங்கள். அந்த 56 கீழே போய்விடும், டாஸ்க்பார் பக்கம் கடக்கும் வேலை குறைவு. விண்டோஸ் 11-ல் அதே பக்கத்தில், பல திரைகளுக்கான பகுதியில், திரைகளுக்கு இடையே கர்சர் இலகுவாகக் கடக்க ஒரு தெரிவும் உண்டு, டிக் போட்டால் முட்டாது.

இரண்டாவது: நீங்கள் ஏதோ ஒரு மானிட்டரை அணைத்து வைக்கிறீர்கள், டேலி அங்கே திறந்திருக்கிறது. விஜிஏ, எச்டிஎம்ஐ-யில் மானிட்டரின் பட்டனை அணைத்தாலும் பல நேரம் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதாகவே படும். ஆல்ட்-டேபில் டேலியைத் தெரிந்தெடுத்து விண்டோஸ் + ஷிஃப்ட் + அம்புக்குறி அழுத்துங்கள், அடுத்த திரைக்குத் தாவி வரும். நாள் முழுக்கப் பயன்படும் சாவி இது, மவுஸால் இழுப்பதையே விட்டுவிடுவீர்கள்.

#21 · சாலிடர் · சென்னை

டிஸ்ப்ளேபோர்ட்டில் இதற்கு நேர் எதிர். மானிட்டரை அணைத்தால் பல மாடல்களில் இணைப்பே அறுந்ததாகக் கணக்கு. எல்லா விண்டோவும் மிச்சமிருக்கும் திரையில் வந்து குவியும். விண்டோஸ் 11-ல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோ இடங்களை நினைவில் வைக்கும் தெரிவு இருக்கிறது, அது ஆனில் இருந்தால் திரும்ப எரியும்போது பழைய இடத்துக்குப் போய்விடும்.

டிஸ்ப்ளேபோர்ட் பேச்சு வந்ததால் ஒன்று. கேபிளின் 20ஆம் முள்ளில் மின்சாரம் உண்டு, சரியான கேபிளில் அந்த முள் இரு முனைக்கும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. மட்டமான கேபிள்களில் இணைத்திருப்பார்கள். மானிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் பின்னோக்கி வந்து, ஷட்டவுன் செய்த கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கேபிளைப் பிடுங்கியதும் ஆன் ஆகும். இந்த அறிகுறியோடு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#22 · அரைத்தூக்கம் · பெங்களூர்

மூன்றாவதில் என்ன ஓடுகிறது என்று மட்டும் சொல்லுங்கள், மஞ்சக்காட்டான்.

#23 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

நடுவில் டேலி, இடப்பக்கச் சதுரத்தில் பில், வலப்பக்கம் 2பி எக்செல். வாட்ஸ்அப் எக்செலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, நீங்கள் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. யுபிஎஸ் 600 விஏ. மூன்றையும் அதிலேயே மாட்டலாமா? ஈபி பில் எவ்வளவு ஏறும்?

#24 · சாலிடர் · சென்னை

600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட். உங்கள் கம்ப்யூட்டர் கணக்கு வேலையில் நூறு வாட்டைத் தாண்டாது, மானிட்டர் மூன்றும் சேர்ந்து ஒரு 75 என்று வையுங்கள், ஆக லோடு தாங்கும். ஆனால் பேட்டரி சின்னது. ஏற்றும் ஒவ்வொரு வாட்டும் நிமிடத்தைத் தின்னும். 24-ஐ மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டி, மற்ற இரண்டையும் சுவர் பிளக்கில் விடுங்கள். கரண்ட் போனால் சேமித்து மூடத்தானே போகிறீர்கள், அதற்கு ஒரு திரை போதும். சதுரத்தில் எல்இடி கிடையாது, உள்ளே பழைய குழல் பல்பு. முதுகைத் தொட்டால் சூடு தெரியும், மூன்றில் அதிகம் குடிப்பது அதுதான்.

75 வாட் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். மாதம் 26 நாள் வேலை என்றால் இரண்டு மாத பில்லில் 31 யூனிட் அளவுக்கு ஏறும். மூன்றையும் சேர்த்த கணக்கு இது, அதில் 21.5 முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

#25 · மஞ்சக்காட்டான் · ஈரோடு

மாற்றி மாட்டிவிட்டேன். போர்டு மாடல், பயாஸில் மாற்றிய இடம், எந்தக் கேபிள் எதில் என்பதை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். இனி யாராவது எச்410-ல் மூன்று மானிட்டர் கேட்டு வந்தால் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பயாஸ் திரையின் படம் அனுப்புகிறேன்.